பதினாலாம் நம்பர் வண்டியின் காலைத் தாள்

பதினாலாம் நம்பர் அக்காவுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று டிப்போவில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. மூக்கில் மட்டும் இருந்தால் ஒரு தும்மலில் போய்விடும். அவளுக்கு அது ஹாரனை அழுத்தும் கட்டைவிரல் வரைக்கும் இறங்கியிருந்தது. பின்னால் வருகிறவன் ஒரு தடவை ஹாரன் அடித்தால் இவள் மூன்று தடவை அடிப்பாள். டீசல் போடும் வரிசையில் குறுக்கே நுழைந்த லாரிக்காரன் ஒருவனைத் திரும்பப் போய்க் கடைசியில் நிற்கவைத்த கதை இன்னும் டிப்போவில் ஓடிக்கொண்டிருக்கிறது. பதினொரு வருஷமாகப் பள்ளிக்கூடத்தின் பதினாலாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறவள் என்பதால் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் பதினாலக்கா.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை அவளுக்கு வந்த கோபத்தில் குன்றிமணி அளவுகூட அநியாயம் இல்லை. டிப்போ வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். அதில் ஒரு பழைய மஞ்சள் பஸ், அதன் பின்னால் கன்னங்கரேலென்று புகை. ‘இந்தப் புகையிலிருந்து நம் பிள்ளைகளுக்கு விடுதலை! நமது பள்ளிப் பேருந்துகள் இனி மின்சாரத்தில்!’ என்று மேலே எழுதியிருந்தது. படத்திலிருந்த பஸ்ஸின் பின்கண்ணாடியில் 14 என்ற எண் நன்றாகத் தெரிந்தது. பம்பரின் இடது பக்கத்து நெளிவுகூட அவள் வண்டியுடையதுதான். அந்தப் பேனருக்குக் கீழேதான் அவள் அதே பஸ்ஸை, அதே புகையோடு, வெளியே ஓட்டிக்கொண்டு போனாள்.

பக்கத்தில் சத்தமே இல்லாமல் ஒரு புது மின்சார பஸ் வந்து நின்றது. ஓட்டியவன் மூன்றாம் நம்பர் டிரைவர். இழவு வீட்டிலும் இளிப்பான் என்பதால் அவனுக்குச் சிரிப்பு என்று பெயர்.

“அக்கா, போட்டோவெல்லாம் போட்டு உன்ன பெரிய ஆளாக்கிட்டாங்களே!” என்றான்.

அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்ததே ஒரு வீம்பில்தான். கல்யாணமான புதிதில் கணவர் சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மூட்டை இறக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு படுத்தவர், வண்டி சும்மா நிற்கிறதே என்று புலம்பினார். நான் ஓட்டுகிறேன் என்றாள் இவள். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டாள். கணவரின் இடுப்பு கடைசிவரை நேராகவில்லை. ஒரு தையல் மெஷினை வாங்கி முன்னறையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இவள் பெரிய வண்டிக்கு லைசென்ஸ் எடுத்துப் பள்ளிக்கூட டிப்போவில் சேர்ந்தாள். பொம்பளை டிரைவர்தானே என்று வேறு யாரும் தொடாத ரூட்டை அவள் தலையில் கட்டினார்கள். அதுதான் கல்குவாரி மேடு.

ஊரின் கீழ்ப்பக்கம் ஏரிக்கரை. அங்கே அகலமான சாலை, இரண்டு பக்கமும் மரம், வாசலுக்கு இரண்டு கார். மேல்பக்கம் குவாரி மேடு. அங்கே செங்குத்தான ஏற்றம், எந்நேரமும் கல் தூசு, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் வீடுகள். மேட்டிலிருந்து நாற்பத்தொரு பிள்ளைகள் வருவார்கள். பதினாலு முக்கி முனகி அந்த ஏற்றத்தில் ஏறும்போது, கடைசி சீட்டுக்கு அடியில் தரையிலிருந்த ஓட்டை வழியாகப் புகை உள்ளே வரும். அவள் அதன்மேல் ஒரு ரப்பர் பாயைப் போட்டு, பாயின் மேல் டூல் பெட்டியை வைத்திருந்தாள். ஓட்டையை அடைத்துக் கொடுங்கள், இன்ஜினைப் பாருங்கள் என்று டிப்போ மேனேஜரிடம் நூறு தடவை கேட்டிருப்பாள். நூறு தடவையும் அவர் “பார்க்கலாம்மா” என்றார். டிப்போவில் அவருக்குப் பெயரே பார்க்கலாம் சார்தான்.

நாற்பத்தொரு பேரில் ஒரு வாயாடி இருந்தாள். இரண்டாம் வகுப்பு. அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். அந்தக் குழந்தைக்கு மூச்சிரைப்பு. கழுத்தில் கயிறு கட்டி இன்ஹேலரைத் தொங்கவிட்டிருப்பாள். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் முதல் சீட்டில், ஜன்னலோரத்தில்தான் உட்காருவாள். மழை பெய்தாலும் ஜன்னலை மூட விடமாட்டாள். அதனால் பஸ்ஸில் எல்லோரும் அவளை ஜன்னல் என்றுதான் கூப்பிட்டார்கள்.

போன வருஷம் அவளுக்கு இந்த அக்கா ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். மின்சார பஸ் வாங்க அரசாங்கம் உதவி செய்கிறது, ஆனால் இப்போதைய பஸ்ஸுக்குள் காற்று எவ்வளவு மோசம் என்று அளந்து காட்டினால்தான் கிடைக்கும் என்றார்கள். “இருக்கறதுலயே மோசமானது பதினாலுதான். அதுல வையுங்க” என்று பார்க்கலாம் சாரே கை காட்டினார். கடைசி சீட்டில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைப் பொருத்தினார்கள். ஒரு மாதம் அது மேட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் வந்தது.

“அத்தை, அந்தப் பொட்டி எதுக்கு?” என்று ஜன்னல் கேட்டாள்.

“நீ இருமறது அதுக்குக் கேக்குதான்னு பாக்கறாங்க. கேட்டுச்சுன்னா புது பஸ் வரும். புகையே வராது. உனக்குத்தான் முதல் சீட்டு.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

பெட்டிக்கு நன்றாகவே கேட்டிருந்தது. ஊரிலேயே எந்தப் பள்ளி பஸ்ஸிலும் இல்லாத அளவு என்று எழுதி அனுப்பினார்கள், அனுமதி கிடைத்தது. பதின்மூன்று மின்சார பஸ்கள் வந்து இறங்கின. பன்னிரண்டு வண்டிகள் ஏரிக்கரைக்கும் அதைச் சுற்றிய தெருக்களுக்கும் போயின. பதின்மூன்றாவது, டிப்போ வாசலில் கண்ணாடியில் ரிப்பன் கட்டி நிறுத்தப்பட்டது. வருகிற விருந்தாளிகளுக்குக் காட்ட ஒன்று வேண்டாமா? பழைய மாற்று வண்டியை விற்றுவிட்டதால் காகிதத்தில் அதுவே மாற்று வண்டி என்றும் எழுதிக்கொண்டார்கள். மேட்டுக்குப் பழைய பதினாலே போகும் என்று முடிவாயிற்று.

“என்ன சார் இது? எங்க வண்டியக் காட்டித்தானே எல்லாத்தையும் வாங்கினீங்க?” என்று அவள் ஆபீஸில் போய் நின்றாள்.

“மேட்டு ரோடு சரியில்லம்மா. புது வண்டிக்கு அடி தட்டும். அதுவுமில்லாம ஏத்தத்துல சார்ஜ் தாங்காது.”

“யாரு சொன்னா? ட்ரெயினிங் குடுக்க வந்தாரே, அவரப் பக்கத்துல வச்சுக்கிட்டு நானே மேட்டுக்கு ஓட்டிட்டுப் போனேன். ஏறறப்ப ஏழு பர்சன்ட் போச்சு, இறங்கறப்ப ரெண்டு திரும்ப வந்துச்சு. அடி எங்கயும் தட்டல.”

பார்க்கலாம் சார் கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “ஸ்கூல் கமிட்டில இருக்கறவங்க பூரா ஏரிக்கரை. அவங்க பிள்ளைங்களுக்குக் குடுக்காம மேட்டுக்குக் குடுத்தா நான் இந்த நாற்காலில உக்கார முடியுமா? அடுத்த தவணை வண்டி வரும். பார்க்கலாம்.”

ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பார்கள். இங்கே அதைவிட மோசம். சுண்ணாம்பு விழுந்த கண்ணைப் படம் பிடித்துக் காட்டித்தான் வெண்ணெயையே வாங்கியிருந்தார்கள்.

பேனர் கட்டிய அந்தத் திங்கட்கிழமைதான் அது நடந்தது. சாயங்காலம் பள்ளியிலிருந்து திரும்பும்போது, ஏற்றத்தின் பாதியில் முன்னால் ஒரு கல் லாரி நின்றுவிட்டது. பதினாலு நகர முடியாமல் உறுமிக்கொண்டு நின்றது. அணைத்தால் அந்தச் சரிவில் திரும்பக் கிளப்புவது நிச்சயமில்லை. புகை பின்னாலிருந்து ஒவ்வொரு சீட்டாக முன்னால் வந்தது. எந்நேரமும் தொணதொணக்கும் ஜன்னலின் குரல் காணோமே என்று திரும்பிப் பார்த்தபோது, குழந்தை இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தோள் ஏறி ஏறி இறங்க மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தது. உதடு நிறம் மாறியிருந்தது. இன்ஹேலரை இரண்டு தடவை அடித்தும் அடங்கவில்லை.

அவள் வண்டியை அணைத்தாள். பெரிய பிள்ளைகளை இறக்கிச் சக்கரங்களுக்குக் கல் வைக்கச் சொன்னாள். எல்லோரையும் ஓரமாக வரிசையாக உட்காரவைத்து லாரிக்காரனைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, ஜன்னலைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வழியில் வந்த ஒரு வேனை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். சிகிச்சை கொடுத்தபின் ராத்திரிக்குள் குழந்தை தேறிவிட்டாள். அம்மாக்காரி இஸ்திரிச் சூடு ஆறாத கையோடு ஓடி வந்தாள். திட்டவில்லை. “புது பஸ் வரும்னு சொல்லிட்டே இருந்தாக்கா” என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் காலை ட்ரிப் முடிந்ததும் ஆபீஸ் கதவை அவள் தட்டவில்லை, தள்ளினாள்.

“ஒரு பிள்ள சாகப் பாத்துச்சு சார்! அந்த வண்டி புகைவண்டின்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வாசல்ல பேனர் போட்டு ஊருக்கே சொல்லியிருக்கீங்க!”

அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார். ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து மேஜைமேல் போட்டார். எல்லாம் பதினாலின் காலைத் தாள்கள். ஒவ்வொரு நாளும் வண்டி எடுக்குமுன் டிரைவர் பார்த்து எழுத வேண்டிய தாள். பிரேக், டயர், விளக்கு, அவசரக் கதவு, தரை, புகை என்று பதினெட்டு வரி. வரிக்கு எதிரே ‘சரி’, ‘சரியில்லை’ என்று இரண்டு கட்டம்.

“நீயே படிம்மா. பதினேழாவது வரி, புகைக் கசிவு இல்லை. சரின்னு போட்டிருக்க. நேத்துக் காலையிலயும் சரிதான். பதினொரு வருஷமா சரிதான். கையெழுத்து உன்னோடதுதானே? நாளைக்கு யாராவது கேட்டா நான் இதத்தான் காட்டணும்.”

அவள் தாள்களைப் புரட்டினாள். அந்த டிப்போவில் தாளை யாரும் படிப்பதில்லை. முதல் கட்டத்தில் பேனாவை வைத்து, கடைசிக் கட்டம் வரைக்கும் ஒரே இழுப்பாக ஒரு கோடு இழுத்து, கீழே கையெழுத்துப் போடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவள் குனிந்து நிமிர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பின்னால் வரிசையில் நின்ற பஸ்கள் ஹாரன் அடித்தே அவளைக் கொன்றன. அடுத்த வாரத்திலிருந்து அவளும் ஒரே இழுப்பு. வாயால் நூறு தடவை புகை புகை என்று கத்தியவள், கையால் தினம் தினம் புகை இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு ஆறவில்லை. கணவர் மெஷினை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார்.

“அந்த ஆளு மேல கோவமா, உன் மேல கோவமா?”

“ரெண்டு பேரு மேலயும். ஆனா என்னை அறைஞ்சுக்க எனக்குக் கை வருது, அவன...”

“அறைய வேணாம். அவன் உன் கையெழுத்தத்தானே காட்டறான்? கையெழுத்து உன் கையிலதானே இருக்கு?” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் மெஷினை மிதித்தார். சில நேரம் அந்த மனுஷனுக்கு இடுப்பு கோணலாக இருந்தாலும் மூளை நேராக இருந்தது.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் டார்ச் லைட்டோடு வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு அடியில் படுத்தாள். வெளியே வந்து முதல் வரியை எழுதினாள். டயரைச் சுற்றி வந்து இரண்டாம் வரியை எழுதினாள். அவசரக் கதவை இழுத்துப் பார்த்தாள், திறக்கவில்லை; சரியில்லை என்று எழுதினாள். பின்னால் ஹாரன் ஒலிக்க ஆரம்பித்தது. ஏழு பஸ்கள் நின்றன. “என்னக்கா, பரிட்சை எழுதறியா?” என்று சிரிப்பு தலையை நீட்டிக் கேட்டான். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. பதினோராவது வரி, தரை: சரியில்லை. பதினேழாவது வரி, புகைக் கசிவு: சரியில்லை. பக்கத்தில் இடம் இருந்ததால், ‘ஓட்டை ஒரு தட்டு அகலம். புகை பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கு வருகிறது’ என்றும் எழுதினாள். தாளை பஸ்ஸின் வைப்பரில் செருகிவிட்டு, இன்னொரு படியை ஆபீஸில் கொடுத்து முத்திரை கேட்டாள். அங்கிருந்த குமாஸ்தா என்றும்போல் படிக்காமல் குத்திக் கொடுத்தார்.

பார்க்கலாம் சார் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். “இன்னிக்கு ஒரு நாள் சரின்னு போடும்மா. ட்ரிப் நேரமாச்சு. அப்புறம் பார்க்கலாம்.”

“உங்க தலைக்கு மேல என்ன எழுதியிருக்கு, படிங்க சார்.”

அவர் தலைக்கு மேல் ஆபீஸ் சுவரில் அவரே கையெழுத்துப் போட்டு மாட்டிய விதிப் பலகை இருந்தது. தாளில் ஒரு வரி சரியில்லை என்றாலும் அந்த வண்டி வாசலைத் தாண்டக்கூடாது. டிரைவர் மாற்று வண்டியில் போக வேண்டும். இன்ஷூரன்ஸ்காரர்களுக்காக மாட்டியது. மாட்டிய நாளிலிருந்து அதை யாரும் ஒரு தடவைகூடப் பயன்படுத்தியதில்லை. நுணலும் தன் வாயால் கெடும்.

“மாத்து வண்டி எதுன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. சாவி குடுங்க.”

“அது விருந்தாளிங்களுக்கு...”

“நாற்பத்தொரு விருந்தாளி மேட்டுல நிக்கறாங்க.”

ஏழு பஸ்களும் ஒன்றுசேர்ந்து ஹாரன் அடித்தன. அவர் சாவியை மேஜைமேல் வைத்தார், கையில் கொடுக்கவில்லை. அவள் போய்ச் சார்ஜர் வயரைப் பிடுங்கினாள். பதின்மூன்றாவது பஸ்ஸுக்கும் ஒரு தாள் எடுத்து, பதினெட்டு வரியையும் பார்த்தே எழுதினாள். ரிப்பனை அவிழ்த்துத் தலைமுடியைக் கட்டிக்கொண்டாள்.

மேட்டில் முதல் நிறுத்தத்தில் ஒரு குஞ்சும் இல்லை. மணியைப் பார்த்தாள். அப்புறம்தான் புரிந்தது. இத்தனை வருஷமாகப் பதினாலு இரண்டு வளைவுக்குக் கீழே உறுமும்போதுதான் மேட்டில் பிள்ளைகள் ஷூ மாட்ட ஆரம்பிப்பார்கள். இன்றைக்கு உறுமல் இல்லை. அவள் இறங்கி வாசல் வாசலாகப் போய்க் கதவைத் தட்டி, “வண்டி வந்து நிக்குது, காதுல என்ன பஞ்சா?” என்று கத்தினாள். வாயில் பாதிச் சாப்பாட்டோடு பிள்ளைகள் ஓடி வந்தார்கள்.

ஜன்னலை அன்று அனுப்புவதாக இல்லை என்று அம்மாக்காரி வாசலில் நின்றாள். மகளுடைய முகத்தையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் புத்தகப் பையை எடுத்து மாட்டினாள். குழந்தை முதல் சீட்டில் உட்கார்ந்தாள். இறக்கத்தில் வழக்கம்போல் ஜன்னலைத் திறக்கக் கை நீட்டியவள், மோந்து பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“அத்தை, நாளைக்கும் இதேதானா?”

பதினொரு வருஷமாகச் சரி என்று எழுதிய கை ஸ்டீயரிங்கில் இருந்தது. இதற்கும் சரி என்று சொல்ல ஒரு நொடி போதும்.

“தெரியாதுடி செல்லம். நாளைக்கு நான் வருவேனான்னே தெரியாது,” என்றாள்.

அன்று மதியமே தற்காலிக வேலைநீக்கம் வந்தது. கூடவே ஒரு மெமோ: பதினாலாம் எண் பேருந்தின் நிலை குறித்து உண்மைக்குப் புறம்பாக எழுதியதற்கும், விருந்தினருக்கான வாகனத்தை எடுத்துச் சென்றதற்கும் மூன்று நாட்களில் விளக்கம் தரவும்.

வியாழக்கிழமை பார்க்கலாம் சார் பதினாலை ஒவ்வொரு டிரைவரிடமும் நீட்டிப் பார்த்தாராம். யாரும் தொடவில்லை. நியாயத்துக்காக இல்லை, முத்திரை குத்திய தாள் ஒன்று ‘சரியில்லை’ என்று இருக்கும்போது அதன்மேல் ‘சரி’ என்று எழுதித் தலையைக் கொடுக்க எவனுக்குப் பைத்தியம்? ஓட்டையை அடைத்தாலும் புகை இன்ஜினுடையது; அது போக வேண்டுமானால் இன்ஜினையே மாற்ற வேண்டும். கடைசியில் விதிப் பலகைப்படி மாற்று வண்டியே மேட்டுக்குப் போயிற்று. தன் ட்ரிப்பை முடித்துவிட்டு வந்து ஓட்டியவன் சிரிப்பு. அவனே சாயங்காலம் போன் பண்ணி இதையெல்லாம் சொன்னான். அன்று அவன் சிரிக்கவில்லை.

“அந்த வாயாடி முதல் சீட்ல உக்காந்துட்டு அத்தை எங்கேன்னு என் உயிர எடுத்துட்டாக்கா.”

“என்ன சொன்ன?”

“லீவுன்னு சொன்னேன்.”

“பொய் சொல்லாத. வேலைய விட்டு நிறுத்திட்டாங்கன்னு சொல்லு.”

போனை வைத்துவிட்டு, கணவரின் தையல் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். மெஷின்மேல் வைத்து எழுதினாள்.

‘நான் புதன்கிழமை எழுதியது பொய் அல்ல. முதல் வாரம் போக, பதினொரு வருடத்தில் அந்த வண்டியின் தாளில் நான் எழுதிய உண்மை அது ஒன்றுதான். அதற்கு முன் புகை இல்லை என்று இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நாட்கள் பொய் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு பொய்க்கும் அலுவலகம் முத்திரை குத்தியிருக்கிறது. ஒன்றுக்குக்கூட என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. அந்தப் பொய்களுக்கு மெமோ கொடுங்கள். தலைகுனிந்து வாங்கிக்கொள்கிறேன். இதற்கு வாங்க மாட்டேன்.’

கணவர் எட்டிப் பார்த்துப் படித்தார். “வேலை போயிடும்டி” என்றார்.

“தெரியும்.”

தாளின் கீழே பேனாவை வைத்தாள். பழக்கத்தில் கை ஒரே இழுப்பாக இழுக்கப் பார்த்தது. அதை அடக்கிக்கொண்டு, சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்த தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, முழுசாக எழுதினாள்.